ஆர்க்டிக் கடலடியில கேபிள் போட்டிருக்கற கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் ஃபைபர் ஸ்ப்ளைஸிங் வேலை பாக்கறவன், அதாவது அறுந்த கண்ணாடி இழை கேபிள ஒட்டறவன். லைன் கட்டாச்சுன்னா ஓடிடிஆர்னு ஒரு சோதனைக் கருவிய மாட்டி லைட்ட உள்ள அனுப்பி, கண்ணாடிக்குள்ள சிதறி திரும்பி வர்ற துளியூண்டு வெளிச்சத்த வெச்சே 2.3 கிலோமீட்டர்ல போயிருக்குன்னு சொல்லிருவோம், போய் பாத்தா ஜேசிபி தோண்டின குழியில கேபிள் நார் நாரா தொங்கும். கிட்டத்தட்ட இதே வித்தைய வெச்சு அலாஸ்காவுல கடல் ஐஸ கவனிச்சிருக்காங்கன்னு படிச்சதுலேர்ந்து மனசு அதுலயே நிக்குது, அதான் எழுதறேன்.

அலாஸ்காவோட வடக்கு கரையில இருக்கற ஒலிக்டாக் முனையில கரையேர்ற கேபிள்ல சும்மா கெடந்த ஒரு இழைக்குள்ள அமெரிக்காவோட சாண்டியா ஆய்வகத்துக்காரங்க லேசர விட்டுவிட்டு அடிச்சு, இழை எந்த எடத்துல எவ்ளோ இழுபடுதுன்னு பாத்தாங்க. அங்க கடல் ஆழம் கம்மி. மேல தண்ணி தெறந்து கெடந்தா அலையோட அழுத்தம் அடி வரைக்கும் எறங்கி கேபிள அசைக்கும், ஐஸ் மூடிச்சுன்னா அந்த அசைவு அடங்கிரும். 2021 நவம்பர்ல ஒரே வாரத்துக்குள்ள ஐஸ் உறைஞ்சதையும் மறுபடி பின்வாங்கினதையும் அப்படியே புடிச்சாங்க. செயற்கைக்கோளோட மைக்ரோவேவ் வரைபடத்துல பெரும்பாலும் ஒரு கட்டமே 25 கிலோமீட்டர், அதுல இதெல்லாம் எங்க தெரியும்?

ஐஸ் எவ்ளோ கனம்ங்கறது இன்னும் கஷ்டம், பத்துல ஒம்போது பங்கு தண்ணிக்கு அடியில, மேல தெரியற கொஞ்சத்தையும் பனி மூடிக்கிது. அதுக்கும் ஃபைபர் இருக்கு. கரையோட ஒட்டி நிக்கற ஐஸ் மேல இழைய நீட்டி உறைய விட்டு, பக்கத்துல சுத்தியலால ஒரு தட்டு தட்டினா ஐஸ் தகடு மாதிரி வளைஞ்சு அலை ஓடும், கனமான ஐஸ்ல வேகமா, மெல்லிசுல மெதுவா. எந்த அதிர்வெண் எவ்ளோ வேகத்துல வந்துச்சுன்னு பாத்தா கனமும் விறைப்பும் கணக்குல வந்துரும், பத்தடிக்கு ஒரு துளை போட்டு அளக்க வேண்டாம்.

நான் கேக்கறது பெருசில்ல. டேட்டாவுக்கு வெளிச்சம் போடாத ஒரு இழை, முதல் ரிப்பீட்டர் (சிக்னலுக்கு பலம் ஏத்தற கருவி) வரைக்கும் போதும், அதுக்கு மேல எதிரொளி திரும்பாது. கரை ஸ்டேஷன்ல ஒரு ரேக்ல எடம், வருஷம் முழுக்க. வாடிக்கையாளர் டேட்டா வேற இழையில போகுது, அத இது தொடாது. கப்பல் சத்தமெல்லாம் பதிவாகும்னு பாதுகாப்பு கவலை இருக்கும், நியாயந்தான், ஆனா கடலலை பல விநாடிக்கு ஒருதரம் வர்ற மெதுவான அசைவு, கப்பல் இஞ்சின் அதவிட எத்தனையோ மடங்கு வேகம். மெதுவான பகுதிய மட்டும் பிரிச்சு வெளியிடுங்க.

2023 ஜூன்ல அதே ஒலிக்டாக் பக்கம் ஐஸ் கடலடிய உழுது கேபிள அறுத்துச்சு, நோம், காட்ஸபூ ஊர்க்காரங்க நெட் இல்லாம தவிச்சாங்க, அத சரி பண்ண செப்டம்பர் ஆயிருச்சு. 2025 ஜனவரியில மறுபடி கட், உறைஞ்ச கடல்ல கப்பல் போக முடியாம கோடை வரைக்கும் காத்திருந்தாங்க. நாங்க கட்டான எடத்துக்கு பைக்ல போயி ஒரு மணி நேரத்துல ஜாயின்ட் போட்டுருவோம், அங்க மாசக்கணக்கு. மேல ஐஸ் என்ன பண்ணுதுன்னு உங்க கேபிளுக்குள்ளயே தெரியும், கேக்கத்தான் ஆள் இல்ல. அடுத்த கேபிளுக்கு பிளான் போடறப்பவே ஒரு இழைய இதுக்குன்னு எழுதி வெச்சிருங்க.

இப்படிக்கு,
ஒரு ஸ்ப்ளைஸர்