மடிப்பைப் பார், மகளே

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு கயல்,

பாக்டீரியாவைத் தாக்கும் பிஆர்டி1 வைரஸுக்கும் மனிதரைத் தாக்கும் அடினோவைரஸுக்கும் அமினோ அமில வரிசையில் ஒற்றுமையே தெரியவில்லை, பிறகு எப்படி உறவு என்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வரிசை ஒற்றுமை 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டால் உறவா தற்செயலா என்று வரிசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதும்மா. புரதம் மடிந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

பிஆர்டி1-இன் வெளி ஓட்டைக் கட்டும் முக்கியப் புரதமான பி3-இன் கட்டமைப்பு 1999-இல் வெளிவந்தது. ஒரு சங்கிலிக்குள் இரண்டு ஜெல்லி ரோல் மடிப்புகள், அதாவது புரத இழைகள் எதிரெதிரான இரண்டு தாள்களாக மடிந்த அமைப்புகள். இரண்டும் ஓட்டின் பரப்பில் செங்குத்தாக நிற்கின்றன. மூன்று சங்கிலிகள் சேர்ந்து அறுகோண அடியுள்ள ஒரு கட்டி. அப்படி 240 கட்டிகள். அடினோவைரஸிலும் அதே அமைப்பு, அதே 240.

இங்கேதான் பலரும் தவறுவது. ஜெல்லி ரோல் இருந்தாலே உறவு என்று எழுதிவிடாதே. போலியோ வைரஸிலும் அது உண்டு, ஆனால் அங்கே பரப்போடு படுத்துக் கிடக்கும். இரண்டு கட்டமைப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற விலகல் எண் குறைவு என்றதும் நிறுத்திவிடாமல், இழைகளின் வரிசை, நிற்கும் திசை, மூன்றாய்ச் சேரும் விதம், ஓட்டின் மூலைகளான முனைகளில் உள்ள புரதம் எல்லாம் ஒத்துவருகின்றனவா என்று பார். முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளிலிருந்து தொடங்காதே. தொற்றப்போகும் உயிரணுவைப் பிடிப்பது அதுதான் என்பதால் வேகமாக மாறிவிடும்.

நீ தாண்டிப் போனது சவ்வை. பிஆர்டி1-இல் அது ஓட்டுக்கு உள்ளே இருக்கிறது. பாக்டீரியாவின் உள்சவ்விலிருந்து வைரஸ் புரதங்களோடு சேர்ந்து எடுக்கப்பட்டு, முதலில் வெற்று ஓடு உருவாகும். டிஎன்ஏ பிறகுதான் ஒரே ஒரு முனை வழியாக உள்ளே ஏறும். பி30 என்ற சிறு புரதம் அளவுநூல் போல முனைக்கு முனை ஓடி ஓட்டின் அளவைத் தீர்மானிக்கிறது. பி16 முனைகளில் சவ்வை ஓட்டோடு பிணைக்கிறது. அதனால் சவ்வும் உருண்டையாக இல்லாமல் ஓட்டைப் போலவே முகம் முகமாக இருக்கிறது. தொற்றும்போது அதே சவ்வு குழாயாக மாறி டிஎன்ஏவைச் செலுத்துவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

உன் எலக்ட்ரான் நுண்ணோக்கி வரைபடத்தில், ஓட்டின் ஒரேமாதிரியான பகுதிகளை ஒன்றாக்கும் 60 மடங்கு சமச்சீர் சராசரி எடுத்தால் டிஎன்ஏ ஏறும் அந்தத் தனி முனை மறைந்துவிடும். சமச்சீருக்குக் கட்டுப்படாத சவ்வின் கொழுப்பு மங்கிவிடும். மங்கலை வெற்றிடம் என்று படிக்காதே.

இங்கே நம்மைப் படுத்தும் டெங்கி வைரஸில் கதை வேறு. அங்கே ஈ (E) என்ற மேற்பரப்புப் புரதங்கள் 180, 90 இணைகளாகச் சவ்வின்மேல் படுத்திருக்கின்றன. மரபணுப் பொருளைச் சுமக்கும் உள்கூடு இல்லாமலே பிஆர்எம் (prM) என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதமும் ஈயும் சேர்ந்து வெற்றுத் துகள்களை உருவாக்கும்; சவ்வை வளைப்பதில் மேற்பரப்புப் புரதங்களுக்கு அவ்வளவு பங்கு. டெங்கி 2-இன் சில திரிபுகள் கொசுவின் வெப்பநிலையில் வழவழப்பாகவும் 37 டிகிரியில் உப்பி மேடுபள்ளமாகவும் இருப்பது 2013-இல் தெரியவந்தது. ஆகவே மாதிரியை எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் வைத்தாய் என்பதை உறையவைக்கும் முன்பே குறித்து வை.

அடுத்த முறை அழைக்கும்போது உன் வரைபடத்தில் சவ்வின் இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று சொல்.

அன்புடன்,
அம்மா