அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு கேள்வி-பதில் பகுதியில் ஒருவர், ‘பக்கத்தில் போனாலே மனைவியின் உடம்பு கட்டையாகிவிடுகிறது’ என்று எழுதியிருந்தார். வெளியூர் அழைத்துப் போங்கள், பூ வாங்கிக் கொடுங்கள் என்று பதில். நானும் பூ வாங்கிக் கொடுத்தவன்தான். கொடைக்கானலுக்கும் போனோம். மூன்று நாளும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். முதல் நான்கு ஆண்டுகள், அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். தள்ளிவிட மாட்டாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடப்பாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என் அம்மா ‘விசேஷம் இல்லையா?’ என்று கேட்டபடி இருந்தார். மகப்பேறு மருத்துவர் ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் எழுதினார். எல்லாம் நார்மல். அவளைத் தனியே உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கரண்ட் போன ஓர் இரவில் அவளே சொன்னாள். ஒன்பது வயதில், கோடை விடுமுறைக்குப் போன இடத்தில், ஒரு சொந்தக்காரர். எங்கள் கல்யாண மொய் நோட்டில் அந்த ஆளின் பெயரும் இருக்கிறது, 501 ரூபாய். நான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். “இப்ப உங்க கோபத்தையும் நான்தான் சமாளிக்கணுமா?” என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். தப்பிக்க வழியில்லாத வயதில் உறைந்துபோய்ப் பழகிய உடம்பு, ஆபத்தே இல்லாதபோதும் உறைகிறது, கணவன்மீது வெறுப்பு என்று அர்த்தமில்லை என்றார் அங்கிருந்த உளவியலாளர். சில மாதங்களுக்கு உடலுறவுப் பேச்சே வேண்டாம், கையைப் பிடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுப் பிடியுங்கள் என்றார். எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. சொந்தப் பெண்டாட்டியின் கையைப் பிடிக்க அனுமதியா என்று பல வாரம் மனசுக்குள் பொருமினேன். அதற்காக என்னையும் தனியே இரண்டு முறை வரச்சொல்லிப் பேசினார். அதில்லாமல் நான் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

பின்னாலிருந்து போய்த் தொடுவதை விட்டேன். பாக்குப் போடுவதை விட்டேன், அந்த வாசனைதான் அவளை அங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்தபிறகு. விளக்கு எரியட்டும் என்றாள், இன்றும் எரிகிறது. ஒருமுறை பாதியில் “போதும்” என்றாள். சரி என்று எழுந்துபோய் டீ போட்டேன். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு இருவரும் டீ குடித்தோம். அவள் ‘போதும்’ என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். அந்த வயதுப் பிள்ளைகள்தான் இப்போது கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறார்கள். எனவே அந்த வாசகருக்கு இந்தக் காரணமும் இருக்கலாம் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். ஆனால் வீட்டில் போய்க் குடைந்து குடைந்து கேட்க வேண்டாம், அவர்களாகச் சொல்லும்வரை பொறுங்கள் என்பதையும் சேர்த்து. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இந்தக் கடிதத்தை அவள் படித்தாள். இரண்டு வரிகளை அடித்துவிட்டு, மீதியை அனுப்பச் சொன்னாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்