சின்னவள் படிக்கும் ஊரில் ஓர் ஒற்றையடிப் பாதை

பிளாக்ஸ்பர்க், வர்ஜீனியா
நவம்பர், வெள்ளி இரவு

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து பார்வை தெளிந்துவிட்டதா? அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அதை எழுது. மதினிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் மகள் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் சேர்ந்ததைப் படித்து வெகுநேரம் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “பிள்ளையைப் பார்க்கப் போகிறேன், பார்த்துப் பத்து நிமிடம் ஆனதும் என்ன செய்வது என்று தெரியாமல் விடுதி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்.” மூன்று வாரமாக அந்த வரி மனத்தை விட்டுப் போகவில்லை. போன வருடம் முழுவதும் நானும் அதே மரத்தடியில்தான் இருந்தேன்.

சின்னவள் வர்ஜீனியா டெக்கில் காடு, இயற்கை வளம் சார்ந்த படிப்பில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டிலிருந்து 81ஆம் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே நாலரை மணி நேரம், ஏறக்குறைய 420 கிலோமீட்டர். அவள் சேர்ந்த புதிதில் மாதம் இரண்டு முறை ஓடி வந்தேன். அவளுக்கு வகுப்பு, ஆய்வுக்கூடம், தோழிகள். எனக்குத் தங்கும் விடுதி அறை, தொலைக்காட்சி, கடிகாரம். சாப்பிட வருவாள், பாதிச் சாப்பாட்டில் நேரம் பார்ப்பாள். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, நீங்கள் அறையில் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நினைத்தாலே எனக்குப் படிப்பு ஓடவில்லை.” அன்று திரும்பி வரும்போது அந்த நாலரை மணி நேரமும் அந்த வாக்கியம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது. அவள் சொன்னதில் தவறே இல்லை. காத்திருப்பவன் ஒரு பாரம் என்பது எனக்குத்தான் அதுவரை உறைக்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் காரின் பின்னால் மலை சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்தேன். முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் உள்ள எளிய வண்டி, உனக்குப் படம் அனுப்பியிருந்தேனே, அதுதான். முதல் நாள் ஊருக்குள் இருக்கும் ஹக்கிள்பெரி பாதையில் போனேன். 1904இல் இந்த ஊருக்கு வந்த ரயில் தடத்தைத் தழுவிப் போட்ட தார்ப்பாதை அது. ரயில் அவ்வளவு மெதுவாகப் போகுமாம், ஆட்கள் இறங்கி ஓரத்தில் ஹக்கிள்பெரிப் பழம் பறித்துக்கொண்டு மறுபடி ஏறிவிடுவார்களாம். அதனால் வந்த பெயர். நல்ல பாதைதான், குழந்தைகளும் முதியவர்களும் நிம்மதியாகப் போகலாம். ஆனால் எனக்கு மண் வேண்டியிருந்தது.

மண்ணைத் தேடிக் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. எது சைக்கிளுக்கு, எது நடப்பவர்களுக்கு, எது பழைய மரம் வெட்டிய தடம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் செய்தது நாம் அம்பாசமுத்திரத்தில் செய்ததையேதான். சைக்கிள் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பாதையைப் பற்றி வாயே திறக்காமல் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்: “என்ன வண்டி? கடைசியாக எப்போது மழை பெய்தது என்று கவனித்தீர்களா?” பிறகு வெளியே வந்து டயரை அமுக்கிப் பார்த்து, 40 பவுண்டு இருந்த காற்றை 25க்கு இறக்கினார். டயர் கொஞ்சம் தளர்ந்தால்தான் வேரையும் கல்லையும் பற்றிக்கொண்டு போகும். காசு வாங்கவில்லை. ஒரு தாளில் “பாண்டபாஸ் குளம், 460ஆம் சாலை, மலை உச்சியில் இடப்பக்கம்” என்று எழுதிக் கொடுத்தார்.

ஊரிலிருந்து காரில் பத்து நிமிடம் இருக்கும். ஜெஃபர்சன் தேசியக் காட்டுக்குள், பிரஷ் மலையின் முதுகில் சுமார் 8 ஏக்கரில் ஒரு சிறு குளம். குளத்தைச் சுற்றி நடக்க மட்டும்தான் அனுமதி. அதைத் தாண்டினால் பாவர்ட்டி கிரீக் என்ற ஓடையை ஒட்டி ஒற்றையடிப் பாதைகள் தொடங்குகின்றன. இங்கே சைக்கிள்காரர்கள் பாதையின் கடினத்தை முக்கியமாக மூன்று குறிகளால் அறிந்துகொள்கிறார்கள். பச்சை வட்டம் எளியது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் தேர்ந்தவர்களுக்கு. பனிச்சறுக்கிலிருந்து வந்த வழக்கம். ஓடையோரப் பாதை எனக்கு ஏற்றது. இருபுறமும் ரோடோடெண்ட்ரான் புதர் கூரை மாதிரி கவிந்து நிற்கிறது. நீலகிரியில் காட்டுப்பூவரசு என்பார்களே, அதற்கு உறவு. உள்ளே நுழைந்துவிட்டால் ஓடைச் சத்தமும் சக்கரத்தின் அடியில் நொறுங்கும் சருகுச் சத்தமும் மட்டுமே.

முதல் நாளே விழுந்தேன். ஈரமான வேர் ஒன்று பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்தது. சாய்ந்த வேரைச் சாய்வாகவே கடந்தால் சக்கரம் வழுக்கும், நேருக்கு நேராகக் கடக்க வேண்டும். முழங்கை தோல் உரிந்த பிறகுதான் அதைக் கற்றுக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு மாணவன் வண்டியை நிறுத்தி, என்னைத் தூக்கிவிட்டு, இருக்கையின் உயரத்தைக் குறைத்துக் கொடுத்தான். இறக்கத்தில் இருக்கை தாழ்ந்தால் உடம்பைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம், கண் பத்தடி முன்னால் இருக்க வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பெயர்கூடக் கேட்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இந்தப் பாதைகளின் பெயரைக் கேள். பெரும்பாலும் காட்டுப் பூக்களின், செடிகளின் பெயர்கள்: ஜோ பை, ஸ்கல்கேப், டிரில்லியம், லேடி ஸ்லிப்பர், இந்தியன் பைப், ஹார்ஸ் நெட்டில். எனக்கு அவை வெறும் பெயர்களாகவே இருந்தன, சின்னவளிடம் சொல்லும்வரை. ஏப்ரலில் அன்று மாலை சாப்பிடும்போது, நான் எங்கே விழுந்தேன் என்று கேட்டவள், பாதையின் பெயர்களைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இந்தியன் பைப் தெரியுமா அப்பா, அது பச்சையமே இல்லாத வெள்ளைச் செடி, மண்ணுக்கடியில் பூஞ்சை வழியாக மரங்களிடமிருந்து உணவை வாங்கிக்கொள்கிறது என்றாள். ஹார்ஸ் நெட்டில் கத்தரிக் குடும்பம், முள் இருக்கும், மஞ்சள் பழம் இருக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு நம் ஆற்றங்கரைக் கண்டங்கத்தரி கண்முன் வந்துவிட்டது. சொன்னேன். உடனே தேடிப் பார்த்தாள். இரண்டும் ஒரே சொலானம் இனம். அதைவிட வியப்பு, நம் கண்டங்கத்தரியின் தாவரவியல் பெயரே சொலானம் வர்ஜீனியானம்! அது வர்ஜீனியாச் செடியே அல்ல, ஆசியச் செடி. ஆனாலும் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. உன் மகளிடம் கேட்டுப்பார், அவளுக்குத் தெரிந்திருக்கும். அன்று சின்னவள் ஒருமுறைகூட நேரம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வரும் வார இறுதிகள் மாறிவிட்டன. காலையில் காட்டுக்குப் போகிறேன். அவள் தன் வேலையைப் பார்க்கிறாள். மாலையில் சேறு படிந்த காலுடன் போய் நிற்கும்போது எனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, அவளுக்கு விளக்க ஒரு விஷயம் இருக்கிறது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இங்கே அமெரிக்கக் கால்பந்தாட்டம். 65,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம், ஊரின் மக்கள்தொகையோ சுமார் 45,000தான். விடுதிகளில் இடமில்லை, சாலையில் நகர முடியவில்லை. “எனக்கு ஆட்டம் வேண்டாம் அப்பா, உங்கள் காட்டைக் காட்டுங்கள்” என்று அவளே வந்தாள். ஊர் முழுக்க அரங்கில் இருக்க, காட்டில் நாங்கள் இருவர்.

அன்று சைக்கிளைக் காரிலேயே விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நடந்தோம். பாதையோரம் மெல்லிய தண்டுகளாக நின்ற ஒரு மரத்தைத் தொட்டு நின்றாள். அமெரிக்கச் செஸ்ட்நட். ஒரு காலத்தில் இந்த மலைத்தொடர் முழுக்க ஆண்ட மரம். ஆசிய மரங்களோடு வந்த பூஞ்சை நோய் 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி மரங்கள் போய்விட்டன. ஆனால் வேர் சாகவில்லை. இன்றும் வேரிலிருந்து துளிர்க்கிறது, பத்துப் பதினைந்து அடி வளர்கிறது, நோய் வந்து பட்டுப்போகிறது, மறுபடி துளிர்க்கிறது. நான் அந்த இடத்தை அதற்கு முன் குறைந்தது எட்டு முறை கடந்திருப்பேன். ஒருமுறைகூடக் கண்ணில் பட்டதில்லை.

தண்ணீரைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். குளத்தில் வழியும் நீர் பாவர்ட்டி கிரீக் வழியாக நியூ ரிவரில் சேர்ந்து, வடக்கே ஓடி, ஒஹையோவிலும் மிசிசிப்பியிலும் கலந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. நெடுஞ்சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழும் மழை கிரெய்க் கிரீக் வழியாக ஜேம்ஸ் நதிக்குப் போய் அட்லாண்டிக்கைச் சேர்கிறது. பொதிகையில் கிழக்கே விழுந்தால் தாமிரபரணி, மேற்கே விழுந்தால் அரபிக் கடல் என்று உன் அப்பா பாபநாசம் படித்துறையில் உட்கார்ந்து நமக்குச் சொல்வாரே, அதை அவளிடம் சொன்னேன். வாடகை சைக்கிளில் நாம் மலையடிவாரம்வரை போய், வாடகை மணி தாண்டிவிடும் என்று பயந்து பயந்து திரும்பிய கதையையும் சொன்னேன். அவள் இதற்கு முன் கேட்டதே இல்லையாம். பத்தொன்பது வருடம் அவளோடு இருந்தும் நான் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் என் எண்ணம் மாறியிருக்கிறது. அதே பிரஷ் மலையில், சாலைக்கு அந்தப் பக்கம், 2009இல் ஒரு பகுதியை ‘வில்டர்னஸ்’ என்ற முழுக் காப்புக்குள் கொண்டுவந்தார்கள். 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மோட்டார் மட்டுமல்ல, சைக்கிளும் போகக் கூடாது. பக்கத்தில் போகும், 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நெடும்பாதையிலும் பெரும்பாலும் சைக்கிள் கூடாது, அது நடப்பவர்களின் பாதை. சைக்கிள் கூடாது என்ற பலகையை முதலில் பார்த்தபோது கோபம் வந்தது, சத்தமில்லாத சைக்கிள் யாரை என்ன செய்யும் என்று. இப்போது அது சரி என்றே நினைக்கிறேன். எழுபது வயதில் ஒருவர் கைத்தடியோடு வளைவில் திரும்பும்போது எதிரே சக்கரம் வருமோ என்று அஞ்சாத இடம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். சைக்கிள் போகும் பாதைகளிலும் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் ஒதுங்க வேண்டும். குதிரை வந்தால் நின்று குரல் கொடுக்க வேண்டும், மனிதக் குரல் கேட்டால்தான் அது மிரளாது. மழை பெய்து மண் குழைந்திருந்தால் போகவே கூடாது. சக்கரம் கிழித்த தடத்தில் அடுத்த மழைநீர் ஓடும், பிறகு அது பாதையாக இருக்காது, வாய்க்கால் ஆகிவிடும். மண்வெட்டியோடு வந்து அதைச் சரிசெய்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வரும் உள்ளூர்க்காரர்கள். அக்டோபரில் இரண்டு நாள் மழையில் நாலரை மணி நேரம் ஓட்டி வந்தும் சைக்கிளைக் காரிலிருந்து இறக்காமல் திரும்பினேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கடைக்காரர் ஏன் மழையை முதலில் கேட்டார் என்பது புரிந்தது.

உனக்கு வருகிறேன். அடுத்த முறை மேட்டுப்பாளையம் போகும்போது உன் சைக்கிளைக் கொண்டு போ. ஆனால் இங்கே நான் செய்வதை அங்கே செய்யாதே. கல்லாறு பக்கம் காப்புக்காடு, யானை வழித்தடம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஓர் அடி வைக்காதே. காரமடைச் சாலையிலிருந்து பிரியும் ஊர்ப்புறப் பாதைகள், சிறுமுகைப் பக்கம் பவானியை ஒட்டிய தோட்டங்கள், இவை போதும். அங்கும் விடிகாலையும் அந்தியும் வேண்டாம், வெயில் ஏறிய பிறகு கிளம்பு. முதலில் அங்கே உள்ள சைக்கிள் கடையில் விசாரி, அதன் பிறகு மகளிடம் கேள். எந்தப் பக்கம் யானை நடமாட்டம் என்று அவளுடைய கல்லூரியில் தெரியாமல் இருக்காது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடு, மாலையில் பார்த்த மரம் ஒன்றின் இலையைக் கொண்டுபோய் அவளிடம் பெயர் கேள்.

இங்கே இப்போது இலையெல்லாம் கொட்டிவிட்டது. சருகு ஒரு சாண் கிடக்கிறது, அடியில் கல் இருப்பது தெரியாது, மெதுவாகத்தான் போக வேண்டும். மான் வேட்டைக் காலம் வேறு, அதனால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது அவளுக்கு. நாளைக் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வாடகை சைக்கிளுக்குக் கடையில் சொல்லிவிட்டேன். ஓடையோரப் பாதையில் முதல் மூன்று கிலோமீட்டர் மட்டும் போவதாக ஏற்பாடு. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், மேகம் இல்லை.

அம்மாவின் கண் பற்றி எழுத மறக்காதே.

உன் அன்பு நண்பன்