வீட்டைப் பார்த்து ஸ்டார் கட்டுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் இதழில் வந்த கிறிஸ்துமஸ் வீட்டு அலங்காரக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். வீட்டின் தோற்றத்துக்கு ஏற்ப அலங்கரிக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது முழுக்கச் சரி. ஆனால் கூடவே வந்த படங்களில் நம் பக்கத்து வீடு ஒன்றுகூட இல்லை. கணப்படுப்பு, அதன்மேல் தொங்கும் காலுறை, பஞ்சில் செய்த பனி, கூரையை முட்டும் பிளாஸ்டிக் மரம் இவைதான் இருந்தன. அதனால்தான் எங்கள் வீட்டைப் பற்றி எழுதத் தோன்றியது.

நாசரேத் பக்கம் என் மாமனார் கட்டிய வீடு இது. முன்னால் திண்ணை, நடுவில் சின்ன முற்றம், தேக்குத் தூண்கள், சுண்ணாம்புச் சுவர், சிவப்புக் காவித் தரை, மேலே சீமை ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தார் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தென்னாடெங்கும் பரவிய ஓடு இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகன் ஆசையாக ஏழடி பிளாஸ்டிக் மரம் ஒன்று வாங்கி வந்தான். அதை வைக்க முற்றத்தின் ஓரம் தவிர வேறு இடமில்லை. வைத்ததும் வீட்டுக்கு வருகிற வெளிச்சமே அடைபட்டுப்போனது. நீல சீரியல் பல்பு எரிந்தபோது சிவப்புத் தரை கருத்துத் தெரிந்தது. சுவரில் டேப் போட்டு வெள்ளி ஜரிகை ஒட்டியிருந்தோம். ஜனவரியில் அதைப் பிய்த்தால் சுண்ணாம்பும் பொருக்குப் பொருக்காகக் கூடவே வந்துவிட்டது. பொங்கலுக்கு முன் ஆள் வைத்து வெள்ளையடித்தோம். மகன் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. வீட்டைப் பார்க்காமல் கடையைப் பார்த்து வாங்கியதில் வந்த கஷ்டம் அது.

அன்றைக்குத்தான் தரையையும் சுவரையும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, தேக்கின் பழுப்பு என்று மூன்று நிறம் இந்த வீட்டில் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இன்னும் வேண்டியது பச்சையும் ஓலை நிறமும்தான். இரண்டும் ஊரிலேயே கிடைக்கின்றன. வாசலுக்கு மாவிலையும் குருத்தோலையும் கலந்து தோரணம் கட்டினோம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த கைகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அதே கைகள் ஓலையில் நட்சத்திரமும் மணியும் புறாவும் பின்னும். மணப்பாடு பக்கம் ஓலைவேலை செய்கிற பெண்களிடம் கேட்டால் சாயம் தோய்த்த ஓலையிலேயே செய்து கொடுப்பார்கள். மரத்துக்கு, அந்தக் காலம் போல ஒரு சவுக்குக் கொம்பு. மணல் வாளியில் நட்டால் நிற்கும். அதன் இலை மெல்லிசாகத் தொங்குவதால் பின்னாலிருக்கிற முற்றத்து வெளிச்சத்தை மறைக்காது. காய்ந்த சவுக்கு குப்பென்று பற்றும் என்பதால் மெழுகுவத்தியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. எதையும் சுவரில் ஒட்டாமல், ஆணி அடிக்காமல், கைமரத்திலிருந்து நூல் கட்டித் தொங்கவிடுகிறோம். ஓட்டு வீட்டில் அந்த வசதி இருக்கிறது.

ஸ்டாரை நாங்களே கட்டுகிறோம். மூங்கில் பிளாச்சு பத்து வேண்டும். ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து, உள்மூலை ஐந்திலும் நாலு விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால் நடுவில் உப்பிக்கொள்ளும். பிறகு மைதாப் பசையும் கலர் பேப்பரும். உள்ளே முன்பு ஸீரோ வாட் பல்பு போடுவோம். இப்போது எல்.இ.டி. வாங்குகிறவர்கள் பெட்டியில் 2700 கெல்வின் என்று இருக்கிறதா பார்க்கட்டும். அதுதான் பழைய மஞ்சள் வெளிச்சம். 6500 என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம், காவித் தரைக்கு ஆகாது. திண்ணையில் குத்துவிளக்கு, தரையில் அரிசிமாவுக் கோலத்தில் ஒரு நட்சத்திரம். மார்கழி மாதம் அல்லவா, தெருவே கோலமாக இருக்கும்போது நம் வாசல் மட்டும் ஏன் வெறுமையாகக் கிடக்க வேண்டும்?

நான் பிறந்தது கடற்கரை ஊர். அங்கே இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில்தான் முக்கியம். பத்து நாள் முன்னால் தட்டில் நெல்லும் கேழ்வரகும் விதைத்து, முளைத்த பச்சையைக் குடிலைச் சுற்றி வைப்போம். மழைக்காலத்தில் முற்றத்தில் சாரல் அடிக்கும் என்பதால் இங்கே தாழ்வாரத்து ஓரத்தில் வைக்கிறேன். 1223-இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தபோது நிஜமான வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும்தான் வைத்தார். அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்தவை அவை. நாம் பஞ்சில் பனி செய்வதற்குப் பதில் ஒரு பிடி வைக்கோல் போட்டால் அவர் செய்ததற்கு இன்னும் கிட்டே வருவோம் என்று நம்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எங்கள் சுவர் ஓதமேறி, பேப்பர் ஸ்டார் ஊறிக் கிழிந்துவிட்டது. ஓலையில் பின்னியவற்றைத் துடைத்துக் காயவைத்தோம், அப்படியே இருந்தன. வெளிச்சமில்லாத அந்த வீட்டில் அவற்றைத் தொங்கவிட்டுத்தான் ஜெபம் பண்ணினோம்.

எல்லாரும் ஓலைதான் கட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் மகன் இருக்கிற அடுக்குமாடி வீட்டில் சுவரும் வெள்ளை, தரை டைல்ஸும் வெள்ளை. போன வருஷம் இங்கிருந்து கொண்டுபோன ஓலைத் தோரணம் அங்கே வெளிறித் தெரிந்தது. அந்த வீட்டுக்கு வேண்டியது வர்ணம். பேத்தியும் நானும் சிவப்பும் பச்சையுமாகக் காகிதச் சங்கிலி ஒட்டினோம். கூரை தாழ்வு என்பதால் குறுக்கே கட்டாமல் ஜன்னல் ஓரமாக நேராகத் தொங்கவிட்டோம். குடில், புத்தக அலமாரியின் ஒரு தட்டில். பால்கனியில் ஒரே ஒரு பெரிய ஸ்டார். ஐந்தாவது மாடி அது. பால் வாங்கப் போனால் தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

அடுத்த டிசம்பருக்காவது ஓட்டு வீடு, மச்சு வீடு, கடற்கரைக் குடிசை, அடுக்குமாடி என்று நம் வீடுகளைப் படமெடுத்துப் போடுங்கள். இந்த வருஷமே வர முடிந்தாலும் சந்தோஷம். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை நாங்கள் ஸ்டாரை இறக்க மாட்டோம். உங்கள் புகைப்படக்காரர் மாலை ஆறரை மணிக்கு மேல் வரட்டும், அப்போதுதான் விளக்கு வெளிச்சம் தரையில் விழும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்.