டவுன்லோட்ஸ் ஏன் திணறுகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் மேலே கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, பெயர் வரிசை கொடுத்தாலும் ‘டுடே’, ‘யெஸ்டர்டே’ என்று கூறுகூறாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேறு வேறு சங்கதி. அதற்காகப் புது லேப்டாப் வாங்கக் கிளம்பிவிடாதே.

கூறு பிரிவது சின்ன விஷயம். நீ மாற்றியது ‘சார்ட் பை’. பிரித்து வைப்பது ‘குரூப் பை’. அதைத் தொடாதவரை ஒவ்வொரு கூறுக்குள்ளும்தான் பெயர் வரிசை வரும். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து டவுன்லோட்ஸை மட்டும் தேதிவாரியாகப் பிரித்தே காட்டுகிறார்கள். காலியிடத்தில் ரைட் கிளிக் செய்து ‘குரூப் பை’க்குள் ‘நன்’ (None) கொடு. பிரவுசரின் ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் பழையபடியே தெரிந்தால், அதற்குள்ளும் ஒருமுறை இதையே செய்.

திணறலுக்குக் காரணம் வேறு. விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும், அதை எப்படிக் காட்டுவது என்று ஓர் அச்சு வைத்திருக்கிறது: பொது, ஆவணம், படம், இசை, வீடியோ. உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்து அதுவாகவே ஒன்றை ஊகிக்கும். படம், வீடியோ என்று ஊகித்துவிட்டால், எடுத்த தேதி, ஓடும் நேரம் போன்றவற்றுக்காக ஒவ்வொரு கோப்பையும் துழாவும். ஆயிரக்கணக்கில் குப்பை சேர்ந்த ஃபோல்டரில் அது முடிகிற காரியமா?

டவுன்லோட்ஸ் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கஸ்டமைஸ்’. ‘ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்’ என்பதில் ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ வை. கீழே உள்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து என்று ஒரு கட்டம் இருக்கும். டவுன்லோட்ஸுக்கு அதை டிக் செய்யலாம். புகைப்படங்கள் வைத்திருக்கும் ஃபோல்டரில் செய்யாதே, அங்கே படம் பெரிதாகத் தெரிவதுதான் வசதி.

எல்லா ஃபோல்டரும் ஒரே மாதிரி பட்டியலாகத் திறக்க வேண்டுமா? ஒரு சாதாரண ஃபோல்டரை உனக்குப் பிடித்தபடி அமைத்துக்கொள். மேலே மூன்று புள்ளியில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘வியூ’ பகுதி, ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’. பலரும் ஏமாறுவது இங்கேதான். பொது அச்சு ஃபோல்டரில் நின்று அழுத்தினால் பொது அச்சு ஃபோல்டர்கள் மட்டுமே மாறும், பட ஃபோல்டர்கள் அசையாது. அதில் ஒன்றுக்குள் போய் மறுபடி அழுத்த வேண்டும்.

அதே ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டியின் ‘ஜெனரல்’ பகுதியில், முதல் வரியை ‘ஹோம்’ என்பதிலிருந்து ‘திஸ் பிசி’க்கு மாற்று. விண்டோஸ் சாவியோடு ‘இ’ (E) அழுத்தினால் நேரே டிரைவ்கள் தெரியும். ‘ஹோம்’ நீ கடைசியாகத் திறந்த கோப்புகளையெல்லாம் கடை பரப்பும். மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது சம்பளச் சீட்டின் பெயர் எட்டிப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? கீழே ‘ப்ரைவசி’யில் ‘கிளியர்’ அழுத்தினால் அந்தப் பட்டியல் அழியும், கோப்புகள் அழியாது.

ஒரே கிளிக்கில் திறக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. வேண்டாம். மவுஸ் மேலே நின்றாலே கோப்பு தேர்வாகிவிடும், பெயர் மாற்றப் போனால் திறந்துகொள்ளும். ஒவ்வொரு ஃபோல்டரும் தனி ஜன்னலில் திறக்கும் அமைப்பும் வேண்டாம். விண்டோஸ் 11-இல் ஃபோல்டர் மேல் மவுஸ் சக்கரத்தை அழுத்தினால் புது டேப் வருகிறதே, அது போதும்.

முதலில் அந்த ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ வேலையை முடி. ஜன்னலை மூடித் திறந்து பார். அப்புறமும் ஊர்ந்தால் போன் செய்.

அன்புடன்,
அம்மா