கணினிகளை விற்காதீர்கள்: எங்கள் சங்க நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 காலாவதியாகிவிட்டதால் சங்கத்தின் இருபது கணினிகளையும் விற்றுவிடுவது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் நிறைவேற்றினீர்கள். அவற்றைப் பழைய சாமான் வாங்குபவரிடம் தள்ளிவிடும் முன் நிறுத்திவையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. அந்தக் கணினிகளின் ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லுகள் விண்டோஸ் 11 ஏற்கும் சில்லுகளின் பட்டியலில் இல்லை என்பதும் உண்மை. அதற்காக இயந்திரமே செத்துவிட்டதா? சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி சுழலாத, வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டால், இருக்கிற 8 ஜிபி ராமிலேயே இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 தாராளமாக ஓடும். அதில் தமிழ்99 விசைப்பலகை வராது என்றார் ஒருவர். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு, பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் பலரும் லினக்ஸைத் திட்டுகிறார்கள்.

அலுவலக அறைக் கணினியை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஈமச்சடங்கு நிதிப் பட்டியல் அதில்தான் இருக்கிறது: பெயர், 13 இலக்க அடையாள எண், வங்கிக் கணக்கு, வாரிசு. கடவுச்சொல் போட்டிருக்கிறோமே என்றீர்கள். அது வாசல் பூட்டு. டிஸ்க்குக்குப் பூட்டே இல்லை. கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் கோப்புகள் அப்படியே திறக்கும், அழித்தவையும் மீட்பு மென்பொருளில் திரும்பி வரும். மாதந்தோறும் சந்தா கட்டும் பாட்டிகளுக்கு நாம் தரும் பாதுகாப்பு இதுதானா? தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவுக்கு இணங்குவது 2021 ஜூலை 1 முதல் கட்டாயம். கோயில் சங்கம் என்று அது விட்டுவிடாது.

500 ஜிபி டிஸ்க் ஒன்றை முழுதாக மேலெழுதி அழிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதன்பின் அலுவலகக் கணினியில் டெபியனை நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் பூட்டும் லக்ஸ் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எதைப் போட்டாலும் திறக்கும்படி இரண்டு கடவுத்தொடர்கள் (நீளமான கடவுச்சொற்கள்) வையுங்கள்: ஒன்று செயலாளரிடம், மற்றொன்று முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில். இரண்டும் தொலைந்தால் பிரம்மாவாலும் திறக்க முடியாது. மாணவர் கணினிகளுக்கு இந்தக் குறியாக்கப் பாடு தேவையில்லை.

மேடைக்கு மேடை ‘உபுண்டு’, அதாவது மனிதநேயம், என்று பேசிக் கைதட்டல் வாங்குகிறோம். அதே பெயரில் இந்த நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் ஓர் இயங்குதளத்தையே இலவசமாகக் கொடுத்தார். அதைத் தொடத்தான் கூச்சம். இலவசம் தரமில்லையாம்! நம் இணையதளம் இத்தனை ஆண்டும் மேகத்தில் (இணையவழி வாடகைக் கணினியில்) ஓடுவது காசில்லாத லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7இல்தான். அதையும் கவனிக்க ஆளில்லை. 2024 ஜூன் 30உடன் அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. யம் என்ற கட்டளையால் புதுப்பிக்க முயன்றால், மென்பொருள் களஞ்சிய முகவரி கிடைக்கவில்லை என்று பிழைதான் வரும். பக்கத்திலேயே, அதற்கு மாற்றான இலவச ஆல்மாலினக்ஸில் புது மெய்நிகர் கணினி எழுப்பி, தரவுத்தள நகலை ஏற்றி, சந்தாப் பக்கத்தைச் சோதித்த பிறகே, தளப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவை மாற்ற வேண்டும். அந்தப் பதிவை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை, மாற்றுவதற்கு முந்தின நாளே 300 வினாடிக்குக் குறைக்காவிட்டால் பாதிப் பேர் பழைய தளத்திலேயே பதிவு செய்துகொண்டிருப்பார்கள்.

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விற்பனையை நிறுத்துங்கள் என்பதே கோரிக்கை. ஒரு சனிக்கிழமையும் இரண்டு கணினிகளும் தாருங்கள், நிறுவிக் காட்டுகிறோம். அதுவும் முடியாதென்றால், வண்டி வரும் முன் டிஸ்க்குகளையாவது தயவுசெய்து கழற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
கணினி வகுப்புத் தன்னார்வலர்கள்
சாட்ஸ்வர்த், டர்பன்