அந்த (எ) எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், திருநங்கை ஒருவர் சொந்தமாக டிபன் கடை போட்டதைப் பற்றிப் படத்தோடு செய்தி வந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் முதல் வரியிலேயே அவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'என்கிற' என்பதற்கு ஒரு (எ) போட்டு, பிறந்தபோது வைத்த ஆண் பெயரையும் அச்சடித்திருந்தீர்கள். கஞ்சா வழக்கில் பிடிபட்டவனுக்கு 'குண்டு' (எ) இன்னார் என்று போடுவீர்களே, அதே (எ). இட்லி விற்கிறவருக்கு அது எதற்கு?

நான் பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற மனு பலதும் எங்களைப் போன்றவர்கள் அடித்துக் கொடுப்பதுதான். பெயர் மாற்றத்துக்குத் திருநங்கைகளும் வருவார்கள். ஆரம்பத்தில் எனக்குள் சிரித்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. சிம்ரன், சினேகா, த்ரிஷா என்று வரும்; பெயரைக் கேட்டாலே எந்த வருஷம் வீட்டை விட்டுப் போனார்கள் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். அப்புறம்தான் யோசித்தேன், எங்கள் தெருவில் அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே பெயர்கள்தானே வைத்தார்கள்.

சிலருக்கு ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் கூட்டத்தில், அம்மா ஸ்தானத்தில் இருப்பவர் பெயர் வைப்பார். பரதக் கலைஞரான திருநங்கை நர்த்தகி நடராஜ் அம்மையாருக்கு 'நர்த்தகி' என்ற பெயரை வைத்தவர் அவருடைய குரு கிட்டப்பா பிள்ளை. அந்தப் பெயரில்தான் 2019-ல் பத்மஸ்ரீயே வந்தது. இன்னும் சிலர் நம்ம ஊர் அம்மன் பெயராகக் கேட்பார்கள், காந்திமதி, கோமதி, உலகம்மை என்று. ஒருவர் குற்றாலத்து அம்மன் பெயரைக் கேட்டார், குழல்வாய்மொழி. தமிழில் அழகாக இருக்கிறது, ஆங்கிலத்தில் இரண்டு 'ழ'வையும் அடித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, ஆதாரில் ஒரு மாதிரி பேங்க்கில் ஒரு மாதிரி வந்தால் நீங்கள்தான் அலைய வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. இன்ஷியல் வேறு இருக்கிறது. அடித்து விரட்டிய அப்பாவின் எழுத்தைப் போடுவதா, சோறு போட்ட அம்மாவின் எழுத்தைப் போடுவதா என்று என் கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

இதில் ஒரு பிள்ளையை மட்டும் மறக்க முடியாது. அப்பாவைப் பெத்த ஆச்சியின் பெயரை எடுத்துக்கொண்டது. நம்ம பக்கம் பேத்திக்கு ஆச்சி பெயர் வைப்பது வழக்கம்தானே, அந்த வீட்டிலோ பேத்தியே கிடையாது, அதனால் அது என் பங்கு என்று சொன்னது. வீட்டில் பெரிய சண்டை. ஆறு மாதம் கழித்து, போட்டோ எடுக்க அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளால் பெயரைச் சொல்ல முடியவில்லை. மனசில்லாமல் இல்லை, மாமியார் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை! அதுவரை ஆண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி "ஏலே" என்று கூப்பிட்டவர், அன்றைக்கு என் கடை வாசலில் நின்று, "ஏட்டி, பொட்டு கோணலா இருக்கு, சரி பண்ணு" என்றார். அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் போட்டோவை மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

திருநங்கைகள் மட்டுமில்லை. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேண்டுதல் வைத்துப் பெண் வேஷம் போடுகிற ஆண்கள் எத்தனையோ பேர், காப்பு கழற்றியதும் பழையபடி வேலைக்குப் போய்விடுவார்கள். அது வேறு, இது வேறு. ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர், மனைவி மக்கள் உள்ளவர், தசரா முடிந்த பிறகும் வீட்டுக்குள் சேலை கட்டுகிறவர். வேஷம் போடுகிற தசரா செட்டில் அவரைக் கேலியாக 'சரோஜா' என்பார்கள். "அது அவனுக வச்ச பேர் அண்ணாச்சி, எனக்குன்னு ஒண்ணு தனியா இருக்கு" என்றார் ஒருநாள். என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அரசாங்கத்துக்குப் பழைய பெயர் வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். திருநர் அடையாளச் சான்றிதழுக்காக 2020 விதிகளோடு வந்த விண்ணப்பத்தில் பிறப்பில் வைத்த பெயர், மாற்றிய பெயர் என்று இரண்டுக்கும் இடம் உண்டு, அடித்துக் கொடுத்தவன் நான்தான். அந்தச் சான்றிதழ் வாங்கியவர் பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லா அடையாள ஆவணத்திலும் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமே சொன்னது. பழசை அழிக்க ஒருத்தர் இத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கியிருக்கிறார், நீங்கள் ஒரே வரியில் அதைத் திருப்பி எழுதி ஊர் முழுக்க ஐந்து மணிக்கே பேப்பர் போட்டுவிடுகிறீர்கள். வாசகனுக்கு அந்தப் பெயரால் என்ன பிரயோஜனம்? 'அலி' என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள்தானே இன்றைக்குத் 'திருநங்கை' என்று எழுதுகின்றன, இதையும் விட்டுவிடலாம். நிருபர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நீங்கள் போட்ட படத்தையே இன்னொரு தடவை பாருங்கள். அவர் தலைக்கு மேல் கடை போர்டு தெரிகிறது. அதில் ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.